பார்

அவளைப் பூட்டு என்றுதான் மீன்பிடித் துறைமுகத்தில் சொல்வார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் அவளுக்கு நேர் எதிர். வாயை மூடிக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னால் எனக்கு மூச்சு முட்டும். நாசரேத்தில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். பீச் ரோட்டுக்குப் பின்னால் படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் போட்டோவோ மாதா படமோ, எதைக் கொண்டுவந்தாலும் கண்ணாடி வெட்டி முடிப்பதற்குள் வந்தவரின் குடும்பக் கதை முழுவதையும் கறந்துவிடுவேன். அவளிடம் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை. "ஏளா, உன் கடைப் பக்கம் மழையா?" என்று போனில் கேட்டால், "நீங்க வந்து பாருங்கக்கா" என்பாள். மழை பெய்கிறதா இல்லையா என்பதில் என்ன ரகசியம் வேண்டிக் கிடக்கிறது? எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அந்த வாய்தான் அவளுக்குச் சோறு போட்டது. பிறகு அதே வாய்தான், திறக்காமலே, அவளை ஊரைவிட்டு அனுப்பியது.

துறைமுக வாசலுக்கு வெளியே, ஐஸ் கம்பெனியை ஒட்டி ஒற்றை ஷட்டர் கடை அவளுடையது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். படகில் இருக்கும் ஜிபிஎஸ், கடலின் ஆழத்தைத் திரையில் நிறம் நிறமாகக் காட்டும் எக்கோ, வயர்லெஸ் எல்லாம் பழுது பார்ப்பாள். கடலுக்கு அடியில் பாறைத்திட்டு இருக்கும் இடத்தை இந்தக் கரையில் பார் என்பார்கள். ஒரு காலத்தில் முத்துச்சிப்பி கிடந்தது பாரில்தான். இப்போது களவாவும் விளமீனும் கூட்டம் கூட்டமாக ஒதுங்குவதும் பாரில்தான். எல்லோருக்கும் தெரிந்த பார் உண்டு, அதில் மீன் மிஞ்சாது. ஒவ்வொரு படகுக்காரரும் தானே தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கும் பார் உண்டு. அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். ஜிபிஎஸ் செட்டில் ஒரு புள்ளியாகப் பதிந்து வைத்துக்கொள்வார்கள்.

செட் பழுதானால் என்ன செய்வது? பூட்டின் மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டியதுதான். ஆகவே இந்தக் கரையின் ரகசியம் முழுவதும் ஏதாவது ஒரு நாளில் அவள் மேசையில் வந்து கிடந்திருக்கிறது. ஒரு செட்டைத் திறந்து வைத்திருக்கும்போது வேறு படகுக்காரர் வாசலில் நிழலாடினால், கை தானாக ஒரு துண்டை எடுத்துத் திரைமேல் போட்டுவிடும். அதன் பிறகுதான் தலையை நிமிர்த்தி, "வாங்கண்ணாச்சி" என்பாள்.

ஒரு நாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது புதுப் படகுக்காரர் ஒருவர் வந்தார். பெரிய விசைப்படகு இறக்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடுத்தவர் படகுக்குப் பின்னாலேயே ஓட்டிப்போய் அவர்கள் வலை போடும் இடத்தைக் குறித்துக்கொள்கிறார் என்று துறைமுகமே அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பெட்டி மக்ரூன்.

"பெரியவர் செட்டு வந்திருக்குன்னு சொன்னாவ" என்றார், பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டே. "சும்மா ஒரு தடவ ஓட்டிக் காட்டேன் தங்கச்சி. நான் ஒண்ணும் குறிச்சிக்கிட மாட்டேன்."

"உங்க செட்டு ரெடி ஆயிட்டு அண்ணாச்சி. ஆன்டெனா வயர்ல உப்பு ஏறியிருந்துச்சு."

"நான் அதைக் கேக்கலியே."

"இனிமே மழைத்தண்ணி படாம மேல கட்டுங்க."

அவர் சிறிது நேரம் நின்று பார்த்தார். அவள் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் போனதும் என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் என் காதால் கேட்டுவிட்டு, "என்னளா கேட்டான் அவன்?" என்றேன். "யாருக்கா?" என்றாள் கல்லுளிமங்கி. மக்ரூனை அவள் தொடவில்லை. நான்தான் தின்றேன்.

அவர் சொன்ன பெரியவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய சம்மாட்டி, ஒரே ஒரு படகுக்குச் சொந்தக்காரர், அறுபது தாண்டிய ஆள். அவள் கடை திறந்தபோது, பொம்பளப் பிள்ளையிடம் செட்டைக் கொடுப்பதா என்று எல்லோரும் தயங்கி நின்றார்கள். முதலில் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். "இந்தப் பிள்ள வாயி இரும்புல்லா" என்று ஊரெல்லாம் சொன்னதும் அவர்தான். பூட்டு என்ற பெயரே அவர் வைத்ததுதான்.

படம் வரைவாள் என்று எனக்குத் தெரியவந்ததே தற்செயல். செட் வரும் பெட்டியின் ப்ளைவுட் பலகையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து, "இதுக்கு ஃப்ரேம் போடணும்க்கா" என்றாள். பிரித்துப் பார்த்தேன். படகுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்ட். கரும்பச்சைப் பரப்பில் வெள்ளைக் கோடு ஒன்று சுற்றிச் சுற்றி, தன்மேலேயே ஏறி, இறங்கி, நடுவில் பெரிய முடிச்சாகிக் கிடந்தது. முடிச்சின் ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு.

"என்னது இது?"

"படம்க்கா."

"அது தெரியுது. என்ன படம்?"

"நான் வரைஞ்ச படம்."

சரிதான் போ என்று ஃப்ரேம் போட்டேன். எந்தப் பக்கம் மேலே, எங்கே கொக்கி அடிக்கட்டும் என்று கேட்டதற்கு, "எப்படி மாட்டினாலும் சரிதான்" என்றாள். இப்படியும் ஒரு படமா என்று சிரித்தேன். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அதை என் கடையில் மாட்டி வைத்த நாளிலிருந்து என் கண் அதிலேயே போய்ப் போய் நின்றது. அந்தக் கோடு எதையோ தேடி அலைவது போலவும், எங்கேயும் போகாமல் அங்கேயே கிடப்பது போலவும் இருக்கும். அடுத்தடுத்துப் பலகைகள் வந்தன. சிலவற்றில் கோடு, சிலவற்றில் எக்கோ திரையில் வருமே, அந்த மஞ்சளும் சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாக.

அப்போதுதான் சென்னை சார் என் கடைக்கு வந்தார். ஓவியக் கல்லூரியில் பாடம் எடுப்பவர், மாமனார் வீடு தூத்துக்குடியில். மாமனார் போட்டோவுக்கு ஃப்ரேம் போட வந்தவர், வந்த வேலையை மறந்துவிட்டு அந்தப் படத்தின் முன்னால் நின்றார். அவள் கடைக்கு நானே அவரை அழைத்துப்போனேன். ஆளை நல்ல ஆள் என்றுதான் சொல்லவேண்டும், அலட்டல் கிடையாது.

"இதை அரூப ஓவியம்னு சொல்வோம். இதுல உருவம் தேடக்கூடாது" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். "மெஷின் உலகத்தை எப்படிப் பார்க்குதுன்னு இவங்க வரைஞ்சிருக்காங்க. இப்படி யாரும் செய்யலம்மா."

மாமனார் வீட்டுக்காரர்களின் பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்று பீச் ரோட்டில் பூட்டிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, கண்காட்சி வைப்பதாக முடிவானது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சிரிக்கவில்லை, ஆனால் அன்றைக்கு எனக்கு டீயோடு வடையும் வாங்கிக் கொடுத்தாள்.

படங்களுக்குத் தலைப்பு என்ன என்று சார் கேட்டார். இல்லை என்றாள். கண்காட்சிக்காவது ஒரு பெயர் வேண்டுமே என்றார்.

"நீங்க வைங்க சார்."

அவர் சென்னைக்குப் போய் யோசித்துப் பெயர் வைத்து, அங்கேயே ஃப்ளெக்ஸ் அடித்து அனுப்பி, பஸ் ஸ்டாண்டிலும் துறைமுக வாசலிலும் ஆள் வைத்துக் கட்டச் சொல்லிவிட்டார். திறப்புக்கு முந்தின நாள் நான் கிட்டங்கியில் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒருவன் தள்ளாடிக்கொண்டு வந்து, "எத்தன மணிக்கித் தெறப்பீங்க?" என்றான்.

"நாளைக்கு வாரும். என்ன விசயம்?"

"புதுசா பார் வருதுன்னு போர்டு போட்டிருக்கு. இங்கனதான?"

எனக்குப் புரியவில்லை. அவனை விரட்டிவிட்டு ஆட்டோ பிடித்து என் கடைக்குக் கிளம்பினேன். பாதி வழியில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"யக்கா, பூட்டு தெறந்துட்டாம்லா?"

"என்னது?"

"ஹார்பர் பூரா அதான் பேச்சு. நம்ம பாரையெல்லாம் படமாப் போட்டு விக்கப் போறாளாம்."

ஆட்டோவைத் துறைமுகத்துக்குத் திருப்பச் சொன்னேன். வாசலில் ஃப்ளெக்ஸ் ஆளுயரத்துக்கு நின்றது. அந்த வெள்ளைக்கோட்டு முடிச்சுப் படம், அதற்கு மேலே ஒரே ஒரு சொல், பெரிய எழுத்தில்: பார்.

சார் என்ன நினைத்து வைத்தார் என்பது அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. வந்து பார், கண்ணைத் திறந்து பார். சென்னைக்காரருக்கு அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். ஆனால் ஃப்ளெக்ஸின் முன்னால் கூடி நின்றவர்கள் சென்னைக்காரர்கள் இல்லையே. அவர்கள் யாரும் சத்தம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் செல்போனில் படம் பிடித்து, பெரிதாக்கி, பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார்.

அதே ஆட்டோவில் கிட்டங்கிக்கே திரும்பிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் அதற்குள் அங்கே வந்து ஏணிமேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். சென்னை சாரும் வந்து சேர்ந்திருந்தார். பார் என்றால் இங்கே என்ன என்று நான் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, எனக்குத் தெரியாதே! உடனே கழட்டிடலாம்மா."

"வேண்டாம் சார்" என்றாள் ஏணியிலிருந்து. "இப்பம் கழட்டினா ஒளிச்ச மாதிரி ஆயிரும்."

"ஏளா, அவங்க கிட்ட போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாளா" என்று நான் கெஞ்சினேன். "இது உங்க பாரு இல்லன்னு சொல்லேன்."

"யாரு பாருன்னு கேப்பாங்கக்கா. ஒருத்தருக்கு இல்லன்னு சொன்னா எல்லாருக்கும் சொல்லணும். சொல்லிக்கிட்டே வந்தா எதுக்குச் சொல்லலியோ அது தெரிஞ்சிரும்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு ஆத்திரம் குறையவில்லை.

மறுநாள் கண்காட்சி திறந்தது. காலையில் கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். உச்சிவெயில் இறங்கும் நேரத்தில் வாசலில் செருப்புகளை விடும் சத்தம் கேட்டது. படகுக்காரர்கள் கோயிலுக்குள் வருவது போல செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. சண்டைக்கு வருகிறவன் கத்திக்கொண்டு வந்தால் நானும் கத்திவிடுவேன். இவர்கள் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்கள்.

சார் முன்னால் போனார். "வணக்கம், வாங்க. இது எதுவும் இடம் கிடையாதுங்க. இதெல்லாம் ஒரு மன உணர்வு."

"மன உணர்வா?" என்றார் புதுப் படகுக்காரர். "சார், இது ட்ராக்கு." தன் செல்போனை எடுத்துக் காட்டினார். அவருடைய படகு ஒரு வாரம் கடலில் சுற்றிய பாதை, ஜிபிஎஸ் திரையிலிருந்து எடுத்த படம். கோடு, முடிச்சு, மறுபடி கோடு. சுவரில் இருந்ததற்கும் அதற்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

"ட்ராக்கு யாருதுன்னுதான் கேள்வி" என்று அவளைப் பார்த்துத் திரும்பினார். "சொல்லு தங்கச்சி."

அவள் சுவரோரமாக நின்றாள்.

"ஏளா, வாயில கொழுக்கட்டையா? சொல்லேன்" என்று பின்னாலிருந்து ஒருவர். "எங்க செட்டுல்லாம் ஓங்கிட்டதான கெடக்கு!"

"கேக்காவல்லா, சொல்லித் தொலையேன்" என்று நானும் அவள் காதில் சொன்னேன். அவள் அசையவில்லை.

அப்போது கூட்டம் விலகியது. பெரியவர் வந்தார். அவர் வந்துவிட்டார், அவர் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு மூச்சு திரும்பியது. அவர் யாரையும் பார்க்காமல் நேரே நடுவில் இருந்த பெரிய படத்தின் முன்னால் போய் நின்றார். அந்த வெள்ளைக்கோட்டு முடிச்சுப் படம்தான். நின்றவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"நீயா ஏளா இப்படிச் செஞ்ச?" என்றார். குரல் உடைந்திருந்தது. "இரும்பு வாயின்னு நான்தான ஊரெல்லாம் சொன்னேன். எங்கப்பன் காலத்துல இருந்து பொத்திப் பொத்தி வச்சிருந்தத இப்படிச் சுவத்துல மாட்டிட்டியே!"

"அண்ணாச்சி, நிதானமாப் பேசும்" என்றேன்.

"என்ன நிதானம்? கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு?" விரலைக் கண்ணாடியில் வைத்து இழுத்தார். "இந்தா, இது தீவுக் கலங்கரை வெளக்கு. இங்கேருந்து வெளிய வாரோம். அனல்மின் நிலையப் புகைக்கூண்டு வெளக்குக்குப் பின்னால மறையிது. அங்கேருந்து தெக்க அரை மணி நேரம். இந்தா செவப்பா கெடக்கே, இருவது பாகம் ஆழத்துல, இதுதான என் பாரு!"

சொல்லி முடித்தவர் சட்டென்று தோள்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கோபத்தில் மனுஷன் தன் பாரைத் தானே கொட்டிவிட்டார். அத்தனை படகுக்காரர்களின் நடுவில், அதுவும் புதுப் படகுக்காரர் ஒரு கை தூரத்தில் நிற்கும்போது. ஐயோ பாவி மனுஷா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

அவளைப் பார்த்தேன். அவள் பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் ஒரு தடவை அகன்றது, அவ்வளவுதான். பெரியவரும் துண்டுக்கு மேலே தெரிந்த கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபத்தில் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

புதுப் படகுக்காரர் கெட்டிக்காரர். அவசரப்படவில்லை. மெதுவாக அவள் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவர் சொல்லுதது சரியா தங்கச்சி? அது அவர் பாருதானா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும்."

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தோம். இல்லை என்று சொல்லு, சொல்லிவிடு என்று நான் உள்ளுக்குள் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொல். அந்த ஒரு சொல்லில் அவள் கடை, அவள் பெயர், முதல் கண்காட்சி எல்லாம் பிழைத்துவிடும்.

அவள் ஏணியை இழுத்துப்போட்டு ஏறினாள். அந்தப் படத்தைக் கழற்றினாள். இறங்கி வந்து, படம் தெரியாதபடி சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்து வைத்தாள்.

"இந்தப் படம் வேண்டாம்னா எடுத்துருதேன்" என்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது. இதைவிடத் தெளிவாக யாரால் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியும்? "தூ" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. புதுப் படகுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போனார். பெரியவர் கடைசியாகப் போனார். சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவள் கடை வாசலில் கூட்டம். ரிப்பேர் முடிந்தது, முடியாதது, பாதி திறந்து கிடந்தது என்று ஒவ்வொருவராகத் தங்கள் செட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் ஒவ்வொன்றையும் துடைத்து, ஸ்க்ரூ முடுக்கி, துண்டில் சுற்றிக் கொடுத்தாள். அப்போதும் ஒருவர் செட்டின் திரை அடுத்தவர் கண்ணில் படாமல் திருப்பித்தான் நீட்டினாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பெரியவரும் வந்தார்.

"டிஸ்பிளே மாத்தியிருக்கேன் மாமா. இனி உள்ள தண்ணி எறங்காது" என்றாள் அவரிடம்.

"வெக்கமா இல்லியா உமக்கு? அறியாப் பிள்ளையப் போயி!" என்று நான் கத்தினேன். அவர் செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதத்தில் அவள் ஷட்டரை இழுத்துவிட்டு வேறு கடற்கரைக்குப் போனாள். எந்தக் கடற்கரை என்பதும் இந்தக் கதைக்குத் தேவையில்லை. கழற்றி வைத்த அந்தப் படத்தை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். எப்படி மாட்டினாலும் சரிதான் என்று முன்பு சொன்னாளே, அப்படியே ஏதோ ஒரு பக்கமாக என் கடையில் மாட்டி வைத்திருக்கிறேன்.

சில வருடம் ஓடிவிட்டது. போன மாதம் பெரியவர் என் கடைப்படி ஏறினார். மகளின் கல்யாணப் போட்டோவுக்கு ஃப்ரேம் போடவேண்டுமாம். முகம் கொடுத்துப் பேசாமல் அளவு எடுத்தேன். திரும்பினால் அவர் அந்தப் படத்தின் முன்னால் நிற்கிறார்.

"என்ன அண்ணாச்சி, உம்ம பாரு பத்திரமா இருக்கான்னு பாக்கீரா?" என்றேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு?

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நெடுநேரம் துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இது என் பாரு இல்ல தாயி."

"என்னது?"

"அன்னைக்கே தெரியும். நான் சொன்ன எடத்துல பாரே கெடயாது. பழைய கப்பல் இரும்பு கெடக்கு. வலை போட்டா கிழிஞ்சிதான் வரும்." நிமிர்ந்து பார்க்கவில்லை அவர். "அந்தப் பய மாசக்கணக்கா என் பின்னாலயே வந்துக்கிட்டு இருந்தான். இன்னும் நாலு நாளு விட்டிருந்தா என் பாரக் கண்டுபிடிச்சிருப்பான். இவ படத்தப் பாத்ததும் எனக்குப் புத்தி அப்படிப் போச்சு. ஆத்திரத்துல ஒளறுத மாதிரி ஒளறினா நம்புவான்லா? நம்பினான். போயி வலையக் கிழிச்சிக்கிட்டு வந்தான். வெளிய சொல்ல முடியுமா? என் பாரத் திருடப் போனேன்னு அவனே சொன்ன மாதிரி ஆயிருமே. என் பாருல இரும்புதான் கெடக்குன்னு நெனச்சி என் பின்னால வாரத விட்டுட்டான்."

அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டேன்.

"அவளுக்குத் தெரியும் தாயி" என்றார். "என் பாயின்ட்டு பூரா அவ மேசையில கெடந்ததுதான. இல்லன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் அங்கனயே நாறியிருப்பேன். சொல்லிருவாளோன்னுதான் அவ மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்."

"உம்ம பாருக்கு ஒரு பிள்ளையோட பொழப்ப அள்ளிக் குடுத்தீரே, நீரெல்லாம் மனுஷனா வே?" என்று கத்தினேன். அண்ணாச்சி என்று கூப்பிட நாக்கு வரவில்லை. இன்னும் என்னென்னவோ திட்டினேன், எல்லாவற்றையும் எழுத முடியாது. அவர் கடைசியில் கேட்டார்:

"எங்க இருக்கா இப்பம்? செட்டு ஓட மாட்டேங்குது. வேற எவன் மேசையிலயும் கொண்டு வைக்க மனசு வரல."

அன்று காலையில்தான் நான் அவளோடு போனில் பேசியிருந்தேன். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவர் ஃப்ரேமுக்கு அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தெரு திரும்புவதற்குள் அவளுக்குப் போன் போட்டுவிட்டேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

"பெறகு ஏம்ளா அன்னைக்குச் சொல்லல? ஒரு சொல்லுதான?"

"அது அவர் செட்டுல இருந்த விசயம்லா. என் விசயம் இல்லியே."

"அப்போ இந்தப் படம் யாரு பாருளா? இப்பமாவது சொல்லு" என்றேன்.

போனில் அவள் சிரிப்பது கேட்டது. "பாருமில்ல கடலுமில்லக்கா. அது என் மேசை."

"மேசையா?"

"ரிப்பேர் பண்ணின செட்ட விடிய விடிய ஓட விட்டுத்தான் பாப்பேன். அது மேசையிலயேதான் கெடக்கும். ஆனா சிக்னல் கொஞ்சம் அங்கன இங்கன ஆடும்லா. அதனால, தான் எங்கயோ அலையுதோம்னு அது நெனச்சி, கோடு போட்டுக்கிட்டே இருக்கும். காலையில வந்து பாத்தா தெரை பூரா சிக்கல். எக்கோவத் தண்ணியில்லாம ஓட்டினா அதுவும் அப்படித்தான், வெறும் எரைச்சலே கலர் கலரா வரும். அதைத்தான் வரைஞ்சேன். எல்லாப் படமும் அந்த மேசையில வந்ததுதான். மேசைன்னு சொன்னா, யாரு செட்டு ஓடினதுன்னு கேப்பாங்கல்லா."

நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். ஊரே தன் தன் கடலைப் பார்த்த கோடு. கடலுக்குப் போகாத, கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்த ஒருத்தியின் மேசை. சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பெரியவர் பொய்யராகியிருப்பார்.

அடுத்த மாதம் அவள் இப்போதிருக்கும் ஊரில் இன்னொரு கண்காட்சியாம், சார்தான் ஏற்பாடு. பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டேன். வைக்கவில்லை, அவரையும் வைக்க விடவில்லை என்றாள். போனை வைக்கும் முன்னால் சொன்னாள்:

"யக்கா, இத யார்ட்டயும் சொல்லிராதீங்க. பாவம் அவரு."

பாவமாம்! சரி என்றேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன், எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அதனால்தான் எழுதிவிட்டேன். ஆனாலும் அத்தனை வருடம் அவளோடு பழகியது கொஞ்சமாவது ஒட்டாமல் போகுமா? இதில் யார் பெயரையும் நான் சொல்லவில்லை. அன்றைக்குப் புகைக்கூண்டு மறையும் இடத்திலிருந்து எந்தப் பக்கம் என்று பெரியவர் விரலை இழுத்தாரோ, அந்தத் திசையையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.